மொய் விருந்து வைப்பது எப்படி: நோட்டில் தொடங்கி நோட்டில் முடியும் முழு வழிகாட்டி

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி பக்கம் ஆடி பிறந்துவிட்டால் ஃப்ளெக்ஸ் போர்டும் கறி வாசனையும் தெருவுக்குத் தெரு வந்துவிடும். ஊரையும் உறவையும் கூப்பிட்டுக் கறிச் சோறு போட்டு, வந்தவர்கள் எழுதும் மொய்ப் பணத்தை வாங்குவதுதான் மொய் விருந்து. முதல் முறை அதை வைக்கிறவர்கள் ஆடு எத்தனை, பந்தல் எவ்வளவு என்றுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். வரிசை அதுவல்ல. மொய்க் கணக்கு எழுதிய நோட்டு முதலில், யாரோடு கூட்டு என்பது அடுத்து, தேதி அப்புறம், ஆடு கடைசியில்.

மொய் என்பது வட்டி இல்லாத, பத்திரம் இல்லாத, தவணை தேதி இல்லாத கடன். கொடுத்தவர் கேட்க மாட்டார். வாங்கியவர்தான் நினைவு வைத்திருக்க வேண்டும். அந்த நினைவை ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் கீழே வரும் எல்லாப் படிகளிலும் இருக்கிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீங்கள் இதுவரை மற்றவர்களுக்குச் செய்த மொய்க் கணக்கு. வீட்டில் முன்பு விருந்தோ கல்யாணமோ காதுகுத்தோ நடந்திருந்தால் அப்போது வந்த மொய் நோட்டு. விருந்துச் செலவுக்குத் தனியாக ஒரு தொகை. வரப்போகும் மொய்யை நம்பிக் கடன் வாங்கி விருந்து வைக்காதீர்கள். மழை ஒரு நாள் அடித்தால் போதும், கூட்டம் பாதியாகிவிடும். சமையல்காரருக்குக் கொடுக்க வேண்டியது பாதியாகாது.

1. வாங்கும் முன் போட்டிருக்க வேண்டும்

இந்தப் பகுதியில் ஒரு வீடு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை விருந்து வைப்பது வழக்கம். இடைப்பட்ட காலம் சும்மா இருக்கும் காலம் அல்ல. உங்கள் விருந்தின் அளவு அந்த ஆண்டுகளில்தான் முடிவாகிறது. நீங்கள் போய் எழுதிய மொய்தான் உங்களுக்குத் திரும்பி வரும்.

யாருக்கும் பெரிதாகச் செய்யாமல் திடீரென்று விருந்து வைத்தால் ஆட்கள் வராமல் போக மாட்டார்கள். வருவார்கள், எழுதுவார்கள். ஆனால் எழுதப்படும் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் தலையில் புதுக் கடன். கூட்டத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, அடுத்த ஆடியில் திணறுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

யாருக்குப் போடுவது? சொந்தம், பக்கத்து வயல்காரர், மகனோடு வெளிநாட்டில் வேலை பார்க்கும் பையனின் வீடு, அவசரத்துக்கு டிராக்டர் கொடுத்தவர். இவர்களோடு புதிதாகக் குடித்தனம் தொடங்கிய இளம் வீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நீங்கள் இன்று எழுதும் 1,000 ரூபாய், அவர்கள் தலையெடுக்கும்போதும் மறக்காத 1,000 ரூபாய். ஏற்கெனவே வசதியாக இருப்பவர் மொய் மேசையில் அதே தொகை நூற்றில் ஒன்று. என்னைக் கேட்டால், பெரிய வீட்டில் 5,000 எழுதிப் பெயர் வாங்குவதைவிட, அதைப் பிரித்து ஐந்து சின்ன வீடுகளில் எழுதுவது நல்லது.

2. நோட்டைப் பிரித்து எழுதுங்கள்

விருந்துக்கு ஆறு மாதம் முன்பே இந்த வேலையை முடியுங்கள். பழைய நோட்டு வந்தவர்களின் வரிசைப்படி இருக்கும்; யார் முதலில் மேசைக்கு வந்தாரோ அவர் பெயர் முதலில். அப்படியே வைத்துக்கொண்டு ஒரு பெயரைத் தேடினால் பொழுது போய்விடும். ஊர் வாரியாகவும், ஊருக்குள் தெரு வாரியாகவும் புது நோட்டில் மாற்றி எழுதுங்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கட்டம் போதும்: அவர் நமக்குச் செய்தது, நாம் அவருக்குச் செய்தது. கூட்டிக் கழித்தால் மீதி யார் பக்கம் என்று தெரியும்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்பது புதியவர்களுக்குக் குழப்பும். நீங்கள் ஒருவர் விருந்தில் 2,000 எழுதினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விருந்தில் அவர் 3,000 எழுதுகிறார். அதில் 2,000 உங்கள் பழைய பணம் திரும்பியது. மேலே வந்த 1,000 புது மொய். அது நீங்கள் அவருக்குச் செய்ய வேண்டியது. அவர் அடுத்து விருந்து வைக்கும்போது அந்த ஆயிரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து எழுதுவீர்கள். இப்படி எப்போதும் ஒரு பக்கம் கொஞ்சம் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கி நிற்கும் வரை போக்குவரத்தும் நிற்காது.

அவர் சரியாக 2,000 மட்டும் எழுதினால்? கணக்கை முடித்துக்கொள்ள நினைக்கிறார் என்றுதான் ஊரில் எடுத்துக்கொள்வார்கள். அது கோபமாக இருக்க வேண்டியதில்லை, முடியாமையாகவும் இருக்கலாம். நோட்டில் ஓரத்தில் குறித்து வையுங்கள். பத்திரிகை வைக்கும்போது உதவும்.

3. கூட்டு சேரும்போது உறவைப் பாருங்கள்

பந்தல், சமையல், ஆடு எல்லாவற்றையும் ஒருவரே தாங்குவது கஷ்டம் என்பதால் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைக்கிறார்கள். சாப்பாடு பொது, மொய் மேசை மட்டும் ஆளுக்கொன்று. செலவு பகிர்ந்துபோகும்.

இங்கே பலர் செய்யும் தவறு, நெருங்கிய சொந்தக்காரர்களோடு கூட்டு சேர்வது. அண்ணன், தம்பி, மச்சான் மூவரும் ஒரே பந்தலில் உட்கார்ந்தால் வருகிறவர் மூன்று மேசையிலும் எழுத வேண்டும். கையில் இருப்பது 3,000 என்றால் ஆளுக்கு ஆயிரமாகப் பிரியும். தனித்தனி நாளில் வைத்திருந்தால் மூவருக்கும் இன்னும் கூடுதலாக வந்திருக்கும். உங்கள் நோட்டும் கூட்டாளியின் நோட்டும் எவ்வளவு குறைவாக ஒத்துப்போகிறதோ அவ்வளவு நல்லது. வெவ்வேறு ஊர்ப்பக்கம் உறவுள்ளவர்கள் சேர்வதுதான் தோது.

செலவைச் சம பங்காகப் பிரிப்பதா, பத்திரிகை எண்ணிக்கைப்படி பிரிப்பதா என்பதை முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளுங்கள். 300 பத்திரிகை அடித்தவரும் 1,500 அடித்தவரும் சமமாகக் கொடுத்தால், விருந்து முடிந்த பிறகு அந்தப் பேச்சு வெகுநாள் ஓடும்.

4. தேதி

ஆடியிலும் ஆவணியிலும்தான் விருந்துகள் அடுக்கடுக்காக வரும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன், அந்த வாரம் அக்கம்பக்கத்து ஊர்களில் யார் யார் வைக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பந்தல்காரரிடமும் சமையல்காரரிடமும் கேட்டால் போதும், ஊர்க்கணக்கு முழுதும் அவர்களிடம் இருக்கும். உங்கள் ஆட்கள் அந்த வாரத்தில் நான்கு இடத்துக்குப் போக வேண்டியிருந்தால் கடைசி இடத்தில் கை சுருங்கும்.

கறி விருந்து என்பதால் அமாவாசை, கிருத்திகை, செவ்வாய், வெள்ளி பார்த்துத் தள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நல்லது. ஆனால் அன்று வங்கி இல்லை, பணம் ஒரு ராத்திரி வீட்டில் இருக்கும். அதற்கும் ஏற்பாடு வேண்டும்.

5. பத்திரிகை: நேரில் போக வேண்டியவர்கள் யார்

பத்திரிகையில் உங்கள் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்றால், ஊரில் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படி. ஆதார் அட்டையில் உள்ள பெயரை மட்டும் போட்டுவிட்டு, வெளியூர்க்காரர் "இது யாரு?" என்று கேட்கும் நிலை வேண்டாம். அப்பா பெயர், வீட்டுப் பட்டப்பெயர், தெரு எல்லாம் இருக்கட்டும். அவர் தன் நோட்டை எடுத்து உங்கள் பெயரைத் தேட வேண்டும். நீங்கள் முன்பு எந்தப் பெயரில் மொய் எழுதினீர்களோ அந்தப் பெயரும் பத்திரிகையும் பொருந்த வேண்டும்.

இரண்டு மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். வருகிறவர் பணம் புரட்ட நாள் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவது தப்பில்லை, ஆனால் அது நினைவூட்டலுக்கு. நோட்டில் பெரிய தொகை இருப்பவர், வயதானவர், முன்பு கணக்கு முடித்துவிட்டவர், இந்த மூன்று வகைக்கும் நேரில் போங்கள். மூன்றாவது வகையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கணக்கு முடித்தவரைக் கூப்பிட்டால் "மொய் இல்லாவிட்டாலும் வா" என்று பொருள். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போனால் அதுவே போதும்.

பத்திரிகை வைக்கப்போன இடத்தில் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. "போன தடவை நாங்க ஐயாயிரம் செஞ்சோம்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது கடன் கேட்பதுதான். அவர் வீட்டிலும் நோட்டு இருக்கிறது.

6. சாப்பாடு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலைக்கணக்கை நீங்கள் சொல்லுங்கள், எத்தனை கிலோ கறி என்பதைச் சமையல் மாஸ்டர் சொல்லட்டும். பத்திரிகை எண்ணிக்கையும் தலைக்கணக்கும் ஒன்றல்ல: ஒரு பத்திரிகைக்கு ஒருவரும் வருவார், வீடே கிளம்பியும் வரும். ஆடிக்கு ஆட்டு விலை ஏறும் என்பதால் ஆட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். கறி சாப்பிடாதவர்களுக்கு ஒரு சைவப் பந்தி தனியாக, மூலையில் தள்ளாமல்.

வாசலில் செண்டை மேளம், வாணவேடிக்கை எல்லாம் இப்போது வந்துவிட்டது. அந்தச் செலவு எந்த நோட்டிலும் வரவாகாது.

7. மொய் மேசை

விருந்தின் உயிர் இங்கேதான். சாப்பாடு சுமாராக இருந்தால் ஒரு வாரம் பேசுவார்கள். மொய் தப்பாக எழுதப்பட்டால் பத்து வருடம் பேசுவார்கள்.

மேசையைச் சாப்பிட்டுக் கை கழுவி வெளியே வரும் வழியில் போடுங்கள். உள்ளே நுழையும் இடத்தில் போட்டால், பணம் வாங்கிக்கொண்டு இலை போடுவதுபோல் ஆகிவிடும். நிழல், மின்விசிறி, வயதானவர்கள் உட்கார நாற்காலி வேண்டும்.

ஒரு மேசைக்கு மூன்று பேர். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணித் தொகையைச் சத்தமாகச் சொல்வார். ஒருவர் எழுதுவார். ஒருவர் ரூபாய் நோட்டுகளை வகை பிரித்து அடுக்கி எவர்சில்வர் பாத்திரத்திலோ பையிலோ வைப்பார். எண்ணுபவரே எழுதவும் செய்தால் தொகை மாறும். எண்ணும்போது கேட்டது மனதில் நிற்க, எழுதும்போது பக்கத்தில் ஒருவர் சொன்ன தொகை கைக்கு வந்துவிடும்.

எழுதுபவர் உங்கள் வீட்டுப் பையனாக இருக்க வேண்டாம். அவனுக்கு எல்லோரையும் தெரியும். "செல்வம் மாமா 2,000" என்று எழுதி வைத்துவிடுவான். ஐந்து வருடம் கழித்து எந்தச் செல்வம் மாமா என்று அவனுக்கே தெரியாது. ஆளைத் தெரியாதவர்தான் கேட்டுக் கேட்டு எழுதுவார். கணக்குப் பழக்கமுள்ள வெளியூர் நண்பர் ஒருவர் போதும்.

ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்:

வடகாடு, மேலத்தெரு, கருப்பையா மகன் செல்வம், 2,000.

ஊர் முதலில். ஒரே ஊரில் நான்கு கருப்பையா இருப்பார்கள், அதனால் தெருவும் அப்பா பெயரும் கட்டாயம். பட்டப்பெயர் சொன்னால் அதையும் எழுதுங்கள். சிரிக்க வைக்கும் பெயராக இருந்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க அதுதான் கைகொடுக்கும். எழுதி முடித்ததும் முழு வரியையும் அவருக்குக் கேட்கும்படி வாசியுங்கள். தப்பு இருந்தால் அந்த இடத்திலேயே திருத்திவிடலாம். அவர் போன பிறகு திருத்த வழியே இல்லை.

மேசையில் அடிக்கடி நடக்கும் சிக்கல்கள்:

"எம்பேர்ல ஆயிரம், தம்பி பேர்ல ஐநூறு" என்று மொத்தமாக 1,500 நீட்டுவார்கள். ஒரே வரியில் எழுதாதீர்கள். இரண்டு பேர், இரண்டு கணக்கு, இரண்டு வரி. தம்பி பின்னால் தனி விருந்து வைப்பான்.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பவர் யாரிடமாவது கொடுத்தனுப்பியிருப்பார். கொடுத்தவர் பெயரில் வரவு, கொண்டுவந்தவர் பெயர் அடைப்புக்குறிக்குள். பின்னால் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும்.

செல்போனில் பணம் அனுப்புகிறவர்கள் கூடிவிட்டார்கள். வங்கிக் கணக்கு மனைவி பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கும்; திரையில் அந்தப் பெயர்தான் தெரியும். "கணக்கில் வந்துவிட்டதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் அது யாருடைய மொய் என்றே தெரியாமல் போகும். பணம் எப்படி வந்தாலும் வரி நோட்டில் ஏற வேண்டும். ஓரத்தில் "போன்" என்று குறித்தால் ரொக்கக் கணக்கில் குழப்பம் வராது.

கணினியில் பதிந்து ரசீது அடித்துக் கொடுக்கும் ஆட்களையும் இப்போது அமர்த்துகிறார்கள். வேகமாக நடக்கிறது, பின்னால் ஊர் வாரியாகப் பிரிக்கும் வேலை மிச்சம். ஆனாலும் கையெழுத்து நோட்டு ஒன்று பக்கத்தில் ஓடட்டும். ஆடி மாத மின்வெட்டைப் பந்தலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பக்கம் முடிந்ததும் அடியில் கூட்டுத்தொகை போட்டு, பாத்திரத்தில் உள்ள பணத்தை எண்ணிச் சரிபார்த்துக் கட்டி, கட்டின் மேல் பக்க எண்ணை எழுதுங்கள். இதைச் செய்யாமல் கடைசியில் மொத்தமாக எண்ணினால், 500 ரூபாய் இடிக்கும்போது எந்தப் பக்கத்தில் தேடுவது?

8. அன்று ராத்திரி

தூங்கும் முன் கணக்கு முடிய வேண்டும். பக்கக் கூட்டல்கள், கட்டுகள், போனில் வந்தவை மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள். எழுதியவர் கிளம்பும் முன் புரியாத எழுத்துகளைக் கேட்டுத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நோட்டு முழுவதையும் போனில் படம் பிடித்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள். தீ, கரையான், ஓட்டு வீட்டு ஒழுகல் எல்லாம் நோட்டுக்கும் உண்டு.

9. வந்ததில் எது உங்களுடையது

இந்தப் படியைத் தவறவிட்டவர்கள்தான் மொய்யால் நொடித்துப்போனவர்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 லட்சம் வந்திருக்கிறது. நோட்டைப் பார்த்தால் 6 லட்சம் நீங்கள் முன்பு செய்தது திரும்பியது, 4 லட்சம் புது மொய். விருந்தில் உங்கள் பங்குச் செலவு ஒன்றரை லட்சம்.

கையில் நிற்பது எட்டரை லட்சம். அதில் 4 லட்சம் அடுத்த ஐந்து ஆண்டுகளில் திருப்பிச் செய்ய வேண்டியது. உங்களுடையது நாலரை லட்சம், அதுவும் நீங்களே பல வருடமாகப் போட்டு வைத்தது. ஆக, லாபம் என்று எதுவும் இல்லை. சிறுகச் சிறுகப் போனது ஒரே நாளில் மொத்தமாகக் கைக்கு வந்திருக்கிறது, கூடவே வட்டியில்லாமல் 4 லட்சம் சில வருடங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பெரிய வேலைக்கு இதைவிட நல்ல பணம் கிடையாது. ஆழ்குழாய்க் கிணறு, வட்டிக்கடன் அடைப்பு, பாதியில் நிற்கும் வீடு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். காரில் போட்டால் அடுத்த ஆடியில் காரை விற்றுத்தான் மொய் எழுத வேண்டும்.

திருப்பிச் செய்வது மாதாமாதம் சமமாக வராது, ஆடி, ஆவணியில் மொத்தமாக வரும். எந்த வீடு எந்த ஆண்டு வைக்கும் என்பது ஐந்தாண்டு வழக்கத்தால் ஓரளவு தெரியும். ஆண்டு வாரியாகப் பட்டியல் எழுதி, அந்தந்த ஆண்டுக்கு வேண்டியதைத் தேங்காய் வருமானத்திலோ வெளிநாட்டுச் சம்பளத்திலோ முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

அப்புறம், வரி. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. கல்யாணத்தில் மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வரி விலக்கு உண்டு, மொய் விருந்து கல்யாணமில்லை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் வரிக் கேள்வி வரும். சட்டத்தின் கண்ணில் சித்தப்பா உறவினர், சித்தப்பா மகன் உறவினர் அல்ல. அதனால் ஆடிட்டரை விருந்துக்கு முன்பே பாருங்கள். அவர் முதலில் கேட்கப்போவதும் அந்த நோட்டைத்தான்.

10. திருப்பிச் செய்யும் ஆண்டுகள்

எந்த விருந்துக்குக் கிளம்பினாலும் நோட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நினைவை நம்பாதீர்கள். அவர் செய்த பாக்கி, அதன் மேல் உங்களால் முடிந்த கூடுதல். இரண்டையும் கணக்குப் பார்த்து எடுத்து வையுங்கள். எழுதிவிட்டு வந்ததும் அன்றே உங்கள் நோட்டில் ஏற்றுங்கள்.

எந்தப் பெயரில் உங்களுக்கு வந்ததோ அந்தப் பெயர்க்காரருக்கே போக வேண்டும். அண்ணன் செய்ததைத் தம்பி விருந்தில் திருப்புவது, "ஒரே வீடுதானே" என்று சொல்லிக்கொள்வது, இதெல்லாம் அண்ணனிடம் நம்மைக் கடன்காரராகவே நிறுத்தும்.

முடியாத வருடமும் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது வருமானத்துக்கு வழியில்லாமல் போன வீடுகள் ஏராளம். அப்படிப்பட்ட நேரத்தில் செய்யக்கூடாத ஒன்று, போகாமல் இருப்பது. 5,000 எழுத வேண்டிய இடத்தில் 1,000தான் இருக்கிறது என்றால் அதோடு போங்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், விருந்துக்காரரைத் தனியாகப் பார்த்து, "மீதியை அடுத்து உங்க வீட்டு விசேஷத்துல செய்யறேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் தலையாட்டுவார்கள். பணம் வராததைவிட ஆள் வராததுதான் அவர்கள் மனதில் நிற்கும்.

ஒருவர் உங்களுக்குக் குறைத்து எழுதினாலும் இதே அளவுகோல். காரணம் கேட்காதீர்கள், மேசையில் இருப்பவர்களும் முகம் சுளிக்கக் கூடாது. அடுத்த விருந்தில் அவருக்கு வழக்கம்போலச் செய்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நான் செய்வேன், ஒரு முறை வரை.

மொய்ப் போக்குவரத்திலிருந்தே விலகிக்கொள்ள விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் ஒழுங்கு உண்டு. பாக்கியைச் சரியாக எழுதி, கூடுதல் இல்லாமல் முடித்து, நேரில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றால் ஏமாற்றினார் என்ற பெயர் வரும்.

11. நோட்டைக் கைமாற்றுவது

பாகப்பிரிவினையில் நிலம், வீடு, தோப்பு எல்லாம் பிரிப்பார்கள், நோட்டை மறந்துவிடுவார்கள். அப்பா பெயரில் வந்த மொய்யை எந்த மகன் எந்த ஊருக்குத் திருப்புவது என்று பேசிப் பிரியுங்கள். ஊர் வாரியாகப் பிரிப்பது சுலபம்: வடக்கே உள்ள ஊர்கள் பெரியவனுக்கு, தெற்கே சின்னவனுக்கு என்பதுபோல. வரவேண்டியதும் கொடுக்கவேண்டியதும் ஒரே கையில் போக வேண்டும். வரவை ஒருவரும் கடனை ஒருவரும் எடுத்தால் அது பிரிவினையே இல்லை.

பிரித்த பிறகு அந்தந்த ஊருக்குப் போய், "அப்பா கணக்கை இனி நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர்களும் தங்கள் நோட்டில் பெயரை மாற்றி எழுதிக்கொள்வார்கள்.